செயினை "ராப்" பண்ண முடியுமா?

கேள்வி: சார், பஸ்ஸ்டாண்ட்ல ஒருத்தன் என் ஃப்ரெண்ட் கழுத்துல கிடந்த செயினை அத்துட்டு ஓடிட்டான். ஸ்டேஷன்ல கொடுக்க இங்கிலீஷ்ல கம்ப்ளைன்ட் எழுதுனேன், "ஹெர் செயின் வாஸ் ராப்ட்"னு. மாமா ஒருத்தர் படிச்சிட்டு ராப்ட் வராது, ஸ்டோலன்னு போடுங்கறார். ரெண்டும் திருட்டுதானே?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மாமா சொன்னதுதாங்க சரி. ஸ்டீல் (steal)னா களவு போன பொருளைச் சொல்லணும், ராப் (rob)னா பறிகொடுத்த ஆளையோ இடத்தையோ சொல்லணும். "தே ராப்ட் தி செயின்"னு எழுதினா செயினை மிரட்டி அதுகிட்ட இருந்த காசைப் புடுங்கிட்டாங்கன்னு ஆயிடும், பாவம் அதுக்கு ஏது காசு. அதே மாதிரி "ஷீ வாஸ் ஸ்டோலன்"னா ஆளையே தூக்கிட்டுப் போயிட்டாங்க! ராப்தான் வேணும்னா "ஷீ வாஸ் ராப்ட் ஆஃப் ஹெர் செயின்"னு எழுதுங்க, நடுவுல அந்த ஆஃப் (of) கண்டிப்பா வேணும்.

இன்னொன்னும் இருக்கு, ஸ்டீல் சத்தமில்லாமலும் நடக்கும், ராப்னாலே பொதுவா அடி, மிரட்டல் இருக்கும். 1911ல பாரிஸ் லூவர் மியூசியம் லீவு விட்டிருந்த ஒரு திங்கக்கிழமை, முன்னாடி அங்கயே வேலை பார்த்த பெருஜியாங்கிறவர் மோனலிசா ஓவியத்தை நைசா எடுத்துட்டுப் போயிட்டார், மறுநாள் வரைக்கும் யாருக்கும் தெரியல, அது ஸ்டீல். 1963ல இங்கிலாந்துல தபால் ரயிலை மறிச்சு, டிரைவர் மண்டையில அடிச்சு சுமார் 26 லட்சம் பவுண்டு அள்ளினாங்களே, அது ராப். அதுலயும் பாருங்க, ராப் ஆனது ரயில், ஸ்டோலன் ஆனது பணம்.

நம்ம சட்டமும் இதைப் பிரிச்சுதான் வச்சிருக்கு. 2024 ஜூலைல அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதால திருட்டு 303வது பிரிவு, வெடுக்குனு பறிச்சா 304, அடிச்சோ மிரட்டியோ பறிச்சா 309, அதாவது ராபரி. 304க்கு மூணு வருஷம் வரைக்கும்தான், 309க்கு பொதுவா பத்து வருஷம் வரைக்கும் போகலாம், காயப்படுத்தியிருந்தா ஆயுள் தண்டனைகூட உண்டு.

ஆனா ஒண்ணுங்க, கம்ப்ளைன்ட்டை தாராளமா தமிழ்லயே எழுதலாம், எதுக்கு இங்கிலீஷோட மல்லுக்கட்டு. எத்தனை மணி, எந்த இடம், எத்தனை பவுன்னு எழுதுங்க, முக்கியமா அவன் தள்ளிவிட்டானா, கத்தி கித்தி காட்டினானா, கழுத்துல காயமாச்சான்னு விடாம எழுதுங்க, 304ஆ 309ஆன்னு அதை வச்சுதான் முடிவு பண்ணுவாங்க.