சிறிய கல்லூரியில் இயற்பியல் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

தேவகோட்டைப் பக்கம் ஒரு சிறிய கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். வகுப்பில் மொத்தமே பதினான்கு பேர்தான். இன்ஜினியரிங் சேர்ந்திருக்கலாம் என்று மாமா வரும்போதெல்லாம் சொல்கிறார். எனக்கு ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க ஆசை. சென்னையில் பெரிய கல்லூரிக்கு மாறினால்தான் முடியுமா?

வ.

அன்புள்ள வ.,

மாற வேண்டாம். பதினான்கு பேர் என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு உங்கள் கடிதத்தில் நல்ல செய்தியே அதுதான். கூட்டமான லேபில் ஒருவர் ரீடிங் எடுப்பார், சுற்றி நிற்கும் நாலு பேர் அதையே ரெக்கார்டில் எழுதிக்கொள்வார்கள். உங்களுக்குக் கருவி முழுதாகக் கைக்கு வரும். ஒளி வளையங்களின் விட்டத்தை அளந்து அலைநீளம் கண்டுபிடிக்கும் நியூட்டன் வளையச் சோதனையில், சோடியம் விளக்கின் அலைநீளம் 589.3 நானோமீட்டர் வர வேண்டிய இடத்தில் 610 வந்தால் அழித்துச் சரிசெய்யாதீர்கள். மைக்ரோஸ்கோப் திருகை ஒரே திசையில்தான் திருப்பினீர்களா, லென்ஸின் வளைவு ஆரத்தை ஒழுங்காக அளந்தீர்களா என்று தேடுங்கள். லென்ஸுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் நடுவில் தூசி இருந்தால் வளையங்கள் இடம் மாறும், ஆனால் விட்டங்களின் வர்க்க வித்தியாசத்தை எடுக்கும்போது அந்தப் பிழை அடிபட்டுப் போகும், எப்படி என்று தாளில் போட்டுப் பாருங்கள். நான் இயற்பியல் என்று சொல்வது இதைத்தான்.

எலக்ட்ரோடைனமிக்ஸுக்கு நாடு நாடாகப் பிள்ளைகள் படிக்கும் பாடநூலை எழுதிய டேவிட் கிரிஃபித்ஸ், அமெரிக்காவில் ரீட் கல்லூரி என்ற சிறிய கலைக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். அங்கே 1968 முதல் ஒரு ஆராய்ச்சி அணு உலை இருக்கிறது, இளநிலை மாணவர்களே உரிமம் வாங்கி அதை இயக்குகிறார்கள். பிஎச்.டி. மாணவர்கள் இல்லாத துறையில் வேலை இளையவர் கைக்குத்தான் வந்தாக வேண்டும். அந்த வசதியும் பணமும் நம் கல்லூரிகளுக்கு இல்லைதான், ஆனால் ஆசிரியரின் நேரம் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, உண்மையான பள்ளம் கணக்கில் இருக்கிறது. செமஸ்டர் தேர்வுக்கு டெரிவேஷனை மனப்பாடம் செய்தே மார்க் எடுத்துவிடலாம். ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கான ஜாம் தேர்வில் அது உதவாது, மூன்று மணி நேரத்தில் 60 கேள்விகள், பெரும்பாலும் யோசித்துப் போட வேண்டிய கணக்குகள். வெக்டர் கால்குலஸ், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், மேட்ரிக்ஸ் மூன்றையும் அலைடு கணிதத்தோடு விட்டுவிடாமல் இந்த ஆண்டே கெட்டிப்படுத்துங்கள். பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தேர்வு பிப்ரவரியில் வரும், இறுதியாண்டில் எழுதலாம், அதனால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

அப்புறம், காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரிக்கு ஒருமுறையாவது போய் வாருங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1953ல் நம் ஊருக்கு வந்த ஆய்வகம் அது. அதன் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். நிறுவப்பட்ட நாளையொட்டிப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவரோடு வாதாடுவதைவிட அது மேல்.

மெக்கானிக்ஸ் பகுதியில் பழைய ஜாம் கணக்குகளைப் போட ஆரம்பித்து, எங்கே தடுக்குகிறது என்று எனக்கு எழுதுங்கள்.