கீவேர்டை அள்ளிப் போட்டால் தளம் மேலே வருமா?

இணையதளத்துக்கு மெட்டா டேக் (பக்கம் எதைப் பற்றியது என்று தேடுபொறிக்குச் சொல்ல, நிரலின் தலைப்பகுதியில் எழுதும் குறிப்பு) போடுவது பற்றி நெல்லைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரிக் கேட்டிருந்தவர்களைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (நெல்லை டவுன், அல்வா வியாபாரம்): கீவேர்ட்ஸ் டேகில் (தேடுசொற்களை எழுதும் மெட்டா டேக்) 'திருநெல்வேலி அல்வா', 'நெல்லை அல்வா', 'ஹல்வா', 'கோதுமை அல்வா' என்று தோன்றிய எல்லாவற்றையும் போட்டிருக்கிறேன். ஒன்றும் நகரவில்லை. இன்னும் சேர்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். இருப்பதையும் எடுத்துவிடலாம். தேடல் முடிவுகளை வரிசைப்படுத்த கீவேர்ட்ஸ் டேகைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. வருகிறவர் கண்ணில் படாத இடம் என்பதால் ஆளாளுக்குச் சம்பந்தமில்லாத சொற்களை அதில் திணித்தார்கள். டேகின் மதிப்பு போய்விட்டது. இன்றைக்கும் தளம் செய்து தருகிற சிலர் 'கீவேர்ட் போட்டுத் தருகிறோம்' என்று அதற்குத் தனிக் காசு கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். அதனால் யாருக்காவது பலன் உண்டென்றால் உங்கள் போட்டிக் கடைக்காரருக்குத்தான். பக்கத்தின் மூல நிரலைத் திறந்து, நீங்கள் எதைக் குறிவைக்கிறீர்கள் என்று ஒரே நிமிடத்தில் படித்துக்கொள்வார்.

அந்தச் சொற்களைப் பக்கத்திலேயே, வாங்குபவர் படிக்கிற மாதிரி எழுதுங்கள். சம்பா கோதுமைப் பாலில் கிண்டியதா, நெய் எவ்வளவு, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், சென்னைக்குக் கூரியரில் வருமா, கால் கிலோ கிடைக்குமா என்றுதான் வெளியூர்க்காரர் தேடுவார். அல்வா, ஹல்வா இரண்டும் அங்கங்கே இயல்பாக வந்தால் போதும்.

கேள்வி (பாளையங்கோட்டை, சுற்றுலா வேன்): குற்றாலம் இப்போது தென்காசி மாவட்டம். டைட்டிலில் (தேடல் முடிவில் பெரிதாகத் தெரியும் தலைப்பு) திருநெல்வேலி என்று போடுவதா, தென்காசி என்று போடுவதா?

பதில்: தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். ஆனால் உங்கள் வண்டி புறப்படுவது பாளையங்கோட்டையிலிருந்து. ரயிலில் நெல்லை ஜங்ஷனில் இறங்குகிறவர்தான் உங்களைத் தேடுவார். 'திருநெல்வேலியிலிருந்து குற்றாலம்: ஒருநாள் வேன் வாடகை' என்று போடுங்கள். தென்காசியை உள்ளே பயண வழியைச் சொல்லும்போது குறிப்பிட்டால் சரி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். டைட்டில் என்பது கறாராகப் பார்த்தால் மெட்டா டேகே அல்ல, தனி டேக். ஆனாலும் பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதுவதிலேயே தேடல் வரிசையில் உண்மையாக எடை உள்ளது அதுதான். உங்கள் தளத்தில் எல்லாப் பக்கத்துக்கும் கம்பெனிப் பெயர்தான் டைட்டில். முதல் பக்கத்தில் அதோடு 'ஹோம்' என்று வேறு இருக்கிறது. குற்றாலத்துக்கு ஒன்று, பாபநாசம்-மணிமுத்தாறுக்கு ஒன்று, கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு ஒன்று என்று பக்கத்துக்குப் பக்கம் வேறு டைட்டில் வேண்டும். பொருத்தமில்லாமல் இருந்தால் கூகுள் தானாகவே வேறு தலைப்பை எடுத்துக் காட்டும். பெரும்பாலும் பக்கத்தின் பெரிய எழுத்துத் தலைப்பைத்தான் எடுக்கும். அதனால் அதுவும் டைட்டிலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகட்டும்.

கேள்வி (பத்தமடை, பாய் விற்பனை): டெஸ்கிரிப்ஷன் (தேடல் முடிவில் டைட்டிலுக்குக் கீழே வரும் விளக்கம்) அழகாக எழுதினேன். கூகுளில் வேறு ஏதோ வரி வருகிறது. என் தளம் இருக்கும் பிளாக்கரில் (கூகுளின் வலைப்பதிவுச் சேவை) அது சரியாக ஏறவில்லையா?

பதில்: முதலில் பிளாக்கர் செட்டிங்ஸில் மெட்டா டேக் பகுதிக்குப் போய்த் தேடல் விளக்கத்தை ஆன் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதை ஆன் செய்தால்தான் ஒவ்வொரு பதிவுக்கும் விளக்கம் எழுதும் பெட்டியே தெரியும். முதல் பக்கத்துக்கு எழுதியது மற்ற பதிவுகளுக்குத் தானாகப் பொருந்தாது.

எல்லாம் சரியாக ஏறியிருந்தாலும் கூகுள் அதைத்தான் காட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒருவர் 'பத்தமடை பாய் விலை' என்று தேடுகிறார்; உங்கள் விளக்கத்தில் விலையைப் பற்றிப் பேச்சே இல்லை; பக்கத்தின் நடுவில் இருக்கிறது. கூகுள் அந்த நடு வரியைத்தான் எடுத்துப் போடும். நீங்கள் எழுதியிருப்பது 'பாரம்பரியம் மாறாத, தரத்தில் சிறந்த' என்று தொடங்குகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அது எந்தப் பொருளுக்கும் பொருந்துகிற வரி. 'மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைக் கோரைப் பாய். அளவு, விலை, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்ற விவரம்' என்று எழுதிப் பாருங்கள்.

எத்தனை எழுத்து என்று பலர் கேட்கிறார்கள். கூகுள் எல்லை எதுவும் வைக்கவில்லை. திரையின் அகலத்துக்கேற்ப வெட்டுகிறது. தமிழ் எழுத்து அகலம் அதிகம், போனில் சீக்கிரம் வெட்டுப்படும். முக்கியமானதை முதல் பத்துச் சொற்களுக்குள் சொல்லிவிடுங்கள். இந்த விளக்கம் உங்களை வரிசையில் மேலே ஏற்றாது. ஏற்கெனவே தெரிகிற பக்கத்தை ஒருவர் தொடுவாரா, தாண்டிப் போவாரா என்பதற்குத்தான் அது.

கேள்வி (அம்பாசமுத்திரம்): வேர்ட்பிரஸில் (தளம் கட்டும் மென்பொருள்) புதுத் தளம். கூகுளில் ஒரு பக்கம்கூட இல்லை.

பதில்: செட்டிங்ஸில் ரீடிங் பக்கத்தைத் திறங்கள். தேடுபொறிகள் வர வேண்டாம் என்று ஒரு டிக் இருக்கும். தளம் கட்டும்போது போட்டதை எடுக்க மறந்துவிடுவார்கள். அது எல்லாப் பக்கத்திலும் நோஇண்டெக்ஸ் என்ற டேகை, அதாவது 'இந்தப் பக்கத்தைத் தேடலில் சேர்க்காதே' என்ற குறிப்பை வைத்துவிடும். டிக்கை எடுத்துவிட்டு, சர்ச் கன்சோலில் (தளம் வைத்திருப்போருக்கான கூகுளின் கருவி) பக்கத்தின் முகவரியைக் கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் பொறுமை, சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம்.

கேள்வி (சேரன்மகாதேவி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்): என் பழைய கட்டுரைகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் உள்ளன. டேக் மட்டும் யூனிகோடில் (எல்லாக் கணினியும் தமிழாகவே படிக்கிற பொது எழுத்துமுறை) எழுதினால் தேடலில் வருமா?

பதில்: வராது ஐயா. பாமினியில் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். கூகுள் படிப்பதும் அந்தக் குவியலைத்தான். பக்கம் எந்த மொழி என்பதைக்கூட அது டேகை வைத்து அல்ல, உள்ளே இருக்கும் எழுத்தை வைத்தே முடிவு செய்கிறது. கட்டுரைகளை மாற்றிக் கருவியில் போட்டு யூனிகோடாக்கி, ஒருமுறை மெய்ப்புப் பார்த்து ஏற்றுங்கள். உழைப்புதான், ஆனால் உங்கள் எழுத்துக்கு இதைவிடப் பெரிய பலன் தருவது வேறில்லை.

பக்க முகவரியைத் தமிழிலேயே வைப்பதில் தவறில்லை. நகலெடுத்து ஒட்டும்போது மட்டும் நீளும்: தமிழ் எழுத்துகள் % குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாறுவதால் 'திருநெல்வேலி' என்ற ஒரு சொல் 108 குறிகளாக விரியும். பகிர்வதற்குச் சுருக்கமான ஆங்கில எழுத்து முகவரி வசதி.

கேள்வி (வண்ணார்பேட்டை, சமையல் குறிப்புகள்): சொதிக் குழம்பு செய்முறையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் வராமல் வெறும் லிங்க்தான் வருகிறது.

பதில்: அது கூகுள் விஷயமே அல்ல, ஓப்பன் கிராப் டேக் சம்பந்தப்பட்டது. லிங்கைப் பகிரும்போது என்ன தலைப்பு, என்ன படம் காட்ட வேண்டும் என்று சொல்லும் டேக் அது. ஃபேஸ்புக் 2010இல் கொண்டுவந்தது. வாட்ஸ்அப்பும் அதைத்தான் படிக்கிறது. தலைப்பு, விளக்கம், படம் மூன்றுக்கும் டேக் இருக்கிறதா என்று பாருங்கள். படம் 1200க்கு 630 பிக்சல் இருந்தால் நல்லது. கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றாமல் சில நூறு கேபிக்குள் சுருக்குங்கள். படம் வராததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். சரி செய்த பிறகு லிங்கைப் புதிதாக அனுப்பிப் பாருங்கள். குடும்ப குரூப்பில் ஏற்கெனவே போட்டது அப்படியேதான் இருக்கும்.