டால்மேஷன் நாய்களை உங்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கும்? சேலம் போன்ற வெயில் ஊரில் வளர்க்கலாமா?

முதலில் அந்த வெள்ளை உடம்பில் தெளித்த புள்ளிகளுக்காகப் பிடித்தது, பிறகு அது ஓடுகிற ஓட்டத்துக்காகப் பிடித்தது. இன்றைக்கும் சாலையில் ஒரு டால்மேஷன் கண்ணில் பட்டால் வண்டியை ஓரம் கட்டி, அது தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். சேலத்தில் வளர்க்கலாமா என்றால், தாராளமாக வளர்க்கலாம். ஆனால் தினமும் அதோடு ஓட வீட்டில் ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் இல்லாத வீட்டுக்கு இந்த நாய் வேண்டவே வேண்டாம். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் ராணி என்ற டால்மேஷன்.

தொண்ணூறுகளில் என் அத்தை குடும்பம் ஏற்காட்டில் இருந்தது. மாமா அங்கே ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். எங்கள் வீடு அம்மாப்பேட்டையில். ஏப்ரல் பிறந்துவிட்டால் மதிய நேரத்தில் ஓட்டுக்கூரைக்குக் கீழே உட்கார முடியாது, அதோடு பக்கத்து வீடுகளின் தறிச் சத்தம் வேறு. முழுப்பரீட்சை முடிந்த கையோடு அப்பா என்னையும் தங்கையையும் ஏற்காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு அன்றைக்கே இறங்கிவிடுவார். அத்தைக்கு ஒரு பை நிறைய குண்டு மாம்பழம் போகும், விடுமுறை முடிந்து வரும்போது அதே பையில் காபிக்கொட்டையும் மிளகும் திரும்பி வரும். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் பஸ் முனகிக்கொண்டு ஏறத் தொடங்கும். தங்கை எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். எனக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளும் திருவிழா. பாதி மலை ஏறியதும் ஜன்னல் வழியே வருகிற காற்று மாறிவிடும். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் போய் இறங்கினால், மே மாதத்திலும் அந்தி சாய்ந்தால் ஸ்வெட்டர் தேட வேண்டும்.

ராணி எஸ்டேட் பங்களாவில் வளர்ந்தவள். காபிப் பழம் பறித்துக் காயப்போடும் வேலையெல்லாம் குளிர்காலத்தோடு முடிந்துவிடும் என்பதால், கோடையில் சிமெண்ட் களம் காலியாகக் கிடக்கும். எஸ்டேட் பிள்ளைகளுக்கு அதுதான் மைதானம். காலையில் நாங்கள் களத்துக்கு வருவதற்கு முன்பே ராணி அங்கே நிற்பாள்.

அவளை வைத்து நாங்கள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருந்தோம். ஒருவர் ராணியின் உடம்பில் ஏதாவது ஓர் இடத்தை மட்டும் உற்றுப் பார்த்து, அங்கே உள்ள புள்ளிகளைக் கரிக்கட்டையால் களத்துத் தரையில் வைக்க வேண்டும். மற்றவர்கள் அது இடது தொடையா, வலது விலாவா, கழுத்தா என்று கண்டுபிடிக்க வேண்டும். அத்தை மகள் மலர் இதில் கெட்டிக்காரி. வாசலில் கோலம் போட்டுப் பழகிய கை என்பதால், எந்தப் புள்ளி எந்தப் புள்ளிக்கு எவ்வளவு தள்ளி என்று அவள் கணக்கு பிசகாது. இந்த விளையாட்டால்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. ராணியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாக இருக்காது. காதில் புள்ளிகள் நெருங்கி நெருங்கி ஏறக்குறைய முழுக் கறுப்பாகிவிடும், முதுகில் விலகி நிற்கும், வாலில் சிறுத்துக்கொண்டே போகும். நல்ல புள்ளி என்றால் வட்டமாக, விளிம்பு மங்காமல், 2 முதல் 3 சென்டிமீட்டர் குறுக்களவில் இருக்க வேண்டும் என்று சர்வதேச நாய்கள் கூட்டமைப்பின் இன விதிகள் சொல்கின்றன. ராணியின் முதுகுப் புள்ளிகள் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்ப்போம். சில புள்ளிகளை நாணயம் அப்படியே மூடிவிடும்.

இன்னொன்று, அவள் சிரிப்பாள். மேல் உதட்டைச் சுருட்டி, முன்பற்கள் அத்தனையும் தெரிய, கண்ணை இடுக்கிக்கொண்டு, உடம்பின் பின்பாதி முழுவதையும் ஆட்டிக்கொண்டு வருவாள். முதல்முறை பார்த்தபோது தங்கை என் பின்னால் ஒளிந்துகொண்டாள். பங்களா வாட்ச்மேன் தாத்தா, மலைமேல் ஒரு கிராமத்துக்காரர், அது பல்லைக் காட்டி உறுமவில்லை கண்ணு, உன்னைப் பார்த்த சந்தோஷத்தில் சிரிக்கிறது என்றார். வாலையும் காதையும் பார், கோபம் வந்த நாய்க்கு உடம்பு விறைத்துவிடும், இவள் உடம்பு துணி மாதிரி துவள்கிறது பார் என்று சொல்லிக்கொடுத்தார். டால்மேஷன்களில் நிறைய நாய்கள் இப்படிச் சிரிக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துப் பயந்து நாயை அதட்டிவிட வேண்டாம்.

இனி அந்த ஓட்டம். மாமா காலையில் எஸ்டேட் ஜீப்பில் அடுத்த டிவிஷனுக்குக் கிளம்புவார். இருபுறமும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், நடுவே மண்பாதை. ஜீப் உறுமியதும் ராணி எங்கிருந்தாலும் வந்துவிடுவாள். முன்னால் ஓட மாட்டாள், குரைத்துத் துரத்தவும் மாட்டாள். இடது பின்சக்கரத்தை ஒட்டி, வேகம் கூடினால் கூட்டி, ஜீப் ஊர்ந்தால் தானும் ஊர்ந்து, அதே இடத்தில் வருவாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை என்று மாமா சத்தியம் செய்வார். நாங்கள் பின்சீட்டில் முட்டிபோட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டு வருவோம். அந்த வேகத்தில் புள்ளிகள் கலங்கி, வெள்ளை நாய் சாம்பல் நிறமாகத் தெரியும்.

பெரியவனான பிறகு படித்தபோதுதான் அவள் செய்தது அவள் முன்னோர்களின் வேலை என்று தெரிந்தது. இந்த இனத்தின் பெயர் அட்ரியாட்டிக் கடலோரமுள்ள டால்மேஷியாவிலிருந்து வந்தது. இன்றைக்கு அந்தப் பகுதி குரோயேஷியாவில் இருக்கிறது, சர்வதேசக் கூட்டமைப்பும் குரோயேஷியாவைத்தான் தாய்நாடாகப் பதிந்திருக்கிறது. ஆனால் இதை உலகம் முழுக்கத் தெரியவைத்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். அங்கே பணக்காரர்களின் குதிரை வண்டிகளுக்குப் பக்கத்திலும், சில சமயம் பின்னச்சுக்கு அடியிலுமாக இந்த நாய்கள் மைல்கணக்கில் ஓடின. இரவில் லாயத்தில் குதிரைகளோடு படுத்து, குதிரையையும் வண்டியையும் காவல் காத்தன. அமெரிக்காவில் தீயணைப்பு வண்டிகளைக் குதிரைகள் இழுத்த காலத்தில் முன்னால் ஓடி வழி விலக்கியதும் இவைதான். குதிரை போய் மோட்டார் வந்த பிறகும் தீயணைப்பு நிலையங்கள் இந்த நாயை விடவில்லை. 1940-இல் கீலர், டிரிம்பிள் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வண்டியோடு ஓடும்போது எந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்ற விருப்பம்கூட இந்த நாய்களில் ஓரளவு பரம்பரையாக வருவதாக எழுதினார்கள். அதைப் படித்த அன்று மாமாவுக்குப் போன் செய்து, உங்கள் சத்தியம் உண்மைதான் மாமா என்று சொன்னேன். அவருக்கு ஒரே பெருமை.

ஒரு கோடையில் நாங்கள் போய்ச் சேரும்போது ராணி குட்டி போட்டிருந்தாள். பங்களாவின் பின்பக்க விறகுக் கொட்டகையில் சாக்கு விரித்துக் கிடந்தாள். ஆவலாக எட்டிப் பார்த்தால் எல்லாம் வெள்ளை. ஒன்றில்கூடப் புள்ளி இல்லை. இவை ராணியின் குட்டிகளே இல்லை என்று தங்கை அழாத குறை. வாட்ச்மேன் தாத்தா ஒரு குட்டியை உள்ளங்கையில் எடுத்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அதன் முதுகைத் துடைத்தார். ஈர மயிர் தோலோடு ஒட்டியது. உள்ளே இளஞ்சிவப்புத் தோலில், தண்ணீரில் விழுந்த மை போல, மங்கலாகச் சாம்பல் நிறத் திட்டுகள். பின்னால் வரப்போகும் புள்ளிகள் எல்லாம் அங்கே ஏற்கெனவே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தன. துணியால் துவட்டியதும் மறுபடி வெள்ளைக் குட்டி.

டால்மேஷன் குட்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் வெள்ளையாகப் பிறக்கும். இரண்டு வார வாக்கில் புள்ளிகள் மயிரிலும் தெரிய ஆரம்பிக்கும். தினமும் பல் துலக்குவதற்கு முன் கொட்டகைக்கு ஓடுவோம். ஒரு குட்டிக்குக் காதில் மிளகளவு கறுப்பு வந்திருக்கும், மறுநாள் பக்கத்தில் இன்னொன்று. யார் குட்டிக்கு முதலில் வந்தது என்று சண்டை. மதியம் இடி மின்னலோடு கோடை மழை பிடித்துக்கொண்டால் கொட்டகையை விட்டு வரவே மாட்டோம். அத்தை குடையோடு வந்து சாப்பிட இழுத்துப் போவார்.

குட்டிகள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய சமயத்தில் தாத்தா ஒரு வேலை செய்தார். அவை தூங்கும்போது கொஞ்சம் தள்ளி நின்று தகரத் தட்டைத் தட்டினார். எல்லாம் துள்ளி எழுந்தன, ஒன்றைத் தவிர. பக்கத்தில் படுத்திருந்த குட்டி அசைந்து இடித்த பிறகுதான் அது கண் விழித்தது. தாத்தா ஒன்றும் பேசாமல் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குக் காது கேட்கவில்லை.

அதற்கான காரணத்தை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குட்டி வாங்குகிற பலருக்கு இது தெரிவதில்லை. நிறமி செல்கள் தோலுக்கு நிறம் தருவதோடு நிற்பதில்லை, உட்செவிக்குள்ளும் அவற்றுக்கு வேலை இருக்கிறது. இந்த இனத்துக்கு வெள்ளை நிறம் தருகிற அதே மரபணு, சில குட்டிகளின் உட்செவிக்கும் நிறமி செல்களைப் போகவிடாமல் செய்துவிடுகிறது. அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் நுண்மயிர் செல்கள் செத்துவிடும். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டால்மேஷன்களைச் சோதித்ததில் ஏறக்குறைய 8 சதவீதத்துக்கு இரண்டு காதும், 22 சதவீதத்துக்கு ஒரு காதும் கேட்கவில்லை. நீலக் கண் கொண்டவற்றில் இது அதிகம். பிறக்கும்போதே பெரிய கருந்திட்டோடு பிறப்பவற்றில் குறைவு. நம் ராஜபாளையம் நாய்க்கும் இதே சிக்கல் உண்டு. அந்தப் பால்வெள்ளைக்கும் இளஞ்சிவப்பு மூக்குக்கும் கொடுக்கிற விலை அது.

தட்டைத் தட்டிப் பார்ப்பதில் ஒரு காது கேளாத குட்டி தப்பிவிடும். தலையில் மின்முனை வைத்து, ஒலிக்கு மூளைத்தண்டு எப்படிப் பதில் தருகிறது என்று பார்க்கும் சோதனைதான் நிச்சயமானது, ஐந்தாறு வாரக் குட்டிக்கே அதைச் செய்யலாம். விற்பவரிடம் இதைக் கேளுங்கள். ஒரு காது கேட்காத நாய் மற்ற நாயைப் போலவே வாழும். இரண்டு காதும் கேட்காததை வளர்க்கப் பொறுமை வேண்டும், முடியாத காரியமல்ல. அந்தக் குட்டியைத் தாத்தாவே வளர்த்தார். தரையில் காலைத் தட்டினால் அதிர்வு உணர்ந்து திரும்பும், கையை நெஞ்சில் வைத்தால் ஓடி வரும், உள்ளங்கையைக் காட்டினால் உட்காரும். ராணி பெற்ற பிள்ளைகளிலேயே மனிதர் முகத்தை அவ்வளவு கூர்ந்து பார்த்தது அது ஒன்றுதான்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். கோழி ஈரலைச் சோற்றோடு பிசைந்து வைப்பது நம் ஊரில் நாய்க்குச் செய்கிற பெரிய மரியாதை. இந்த நாய்க்கு அதைச் செய்யாதீர்கள். மற்ற பெரும்பாலான நாய்களின் உடல் யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் வேறொரு பொருளாக மாற்றி வெளியே அனுப்பிவிடும். டால்மேஷனில் ஒரு மரபணுக் குறையால் யூரிக் அமிலமாகவே சிறுநீரில் இறங்குகிறது. அது கல்லாகித் தங்கினால், முக்கியமாக ஆண் நாய்களுக்கு, சிறுநீர் அடைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்து. ஈரல், சிறுநீரகம் போன்ற உறுப்பு இறைச்சி வேண்டாம். தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும், அடிக்கடி வெளியே விட வேண்டும். சிறுநீர் கழிக்க முக்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் 1973-இல் பாயிண்டர் என்ற வேட்டை இன நாய் ஒன்றோடு இந்த இனத்தைக் கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷன்களோடே சேர்த்து இந்தக் குறை இல்லாத வம்சம் ஒன்றை உண்டாக்கினார். புள்ளிகளும் போகவில்லை. ஆனாலும் அங்கே நாய் இனங்களைப் பதிவு செய்கிற அமெரிக்கன் கென்னல் கிளப் அவற்றை 2011-இல்தான் முழுமையாக ஏற்றுக்கொண்டது. ஒரு நாயின் நலனுக்காகச் செய்த இவ்வளவு நல்ல வேலை அத்தனை ஆண்டுகள் வாசலில் காத்து நின்றதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

சேலம் வெயிலுக்கு வருவோம். குட்டை மயிர் என்பதால் சூட்டைத் தாங்கும் என்று சொல்வார்கள், பாதி உண்மை. வெள்ளை மயிருக்குக் கீழே இருக்கிற இளஞ்சிவப்புத் தோல் வெயிலில் பொரிந்துவிடும். விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் ஓட விடுங்கள். தார் ரோட்டில் உங்கள் வெறுங்காலை வைக்க முடியாத நேரத்தில் அதன் காலையும் வைக்கவிடாதீர்கள். மாடியில் தகரக் கொட்டகை போட்டுக் கட்டிவைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஓடாத டால்மேஷன் செருப்பைக் கடிக்கும், சுவரைச் சுரண்டும், பிறகு அதைப் பைத்தியம் என்று சொல்லி யாருக்காவது தள்ளிவிடுவார்கள். மயிரும் வருஷம் முழுக்கக் கொட்டும். மாமாவின் காக்கி பேண்ட்டில் ராணியின் வெள்ளை மயிர் ஊசி போலக் குத்திக்கொண்டு நிற்கும், அத்தை எவ்வளவு துவைத்தாலும் போகாது. கறுப்பு உடுப்பு விரும்பிகள் யோசித்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு முழு வளர்ச்சி பெற்ற டால்மேஷனை நேரில் பார்த்துப் பழகிவிட்டு வாருங்கள். மே மாதம் ஏற்காடு கோடை விழாவில் மலர்க் கண்காட்சியோடு நாய்க் கண்காட்சியும் நடத்துகிறார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, டாபர்மேன் எல்லாம் வரும், டால்மேஷனும் பெரும்பாலும் இருக்கும். வளர்ப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுகிறார், என்ன சாப்பிடக் கொடுக்கிறார், காதைச் சோதித்தாரா என்று கேளுங்கள். இந்த நாய் வளர்ப்பவர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். நாய் சாதுவாக இருந்தால், வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். ஈறிலும் அண்ணத்திலும்கூடப் புள்ளி இருக்கும்!