மருத்துவரிடம் கேளுங்கள்: 92 கிலோவில் பயிற்சியை எங்கே தொடங்குவது?

கேள்வி: என் வயது 46. உயரம் 165 சென்டிமீட்டர், எடை 92 கிலோ. நாள் முழுவதும் உட்கார்ந்தே செய்யும் அலுவலக வேலை. மூன்று ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகளைச் சாப்பிட்டு வருகிறேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது; முழங்காலும் வலிக்கிறது. அண்மையில் ஜிம்மில் சேர்ந்து, உடம்பு வலி தாங்காமல் ஒரே வாரத்தில் நின்றுவிட்டேன். எடை குறைய எந்தப் பயிற்சியை, எப்படித் தொடங்குவது?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்களுடைய உடல் நிறை எண் (பி.எம்.ஐ.; கிலோவிலுள்ள எடையை மீட்டரிலுள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைப்பது) 33-ஐத் தாண்டுகிறது. இந்தியர்களுக்கு 25-க்கு மேற்பட்டாலே உடல் பருமன் என்று கணக்கிடுகிறோம். ஆகவே எடையைக் குறைக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரியே. ஆனால் பயிற்சிக்கு முன்னால் உங்கள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ள சிலருக்கு மாரடைப்புக்கான அறிகுறி நெஞ்சுவலியாக வெளிப்படாமல், நீங்கள் சொல்வதைப் போன்ற மூச்சு வாங்கலாகவே வெளிப்படுவதுண்டு என்பதால், இரத்த அழுத்தம், இ.சி.ஜி., இரத்தசோகைக்கான சோதனை ஆகியவற்றைச் செய்துகொண்டு அவர் சம்மதித்த பிறகே தொடங்க வேண்டும். கண்களையும் பாதங்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

அதன் பிறகு நடைப்பயிற்சி போதும். முதல் இரண்டு வாரங்களுக்கு உணவுக்குப் பின் பத்துப் பத்து நிமிடமாக, நாளுக்கு இரண்டு முறை நடங்கள். சாப்பிட்ட பின் நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்வதால், எடை இறங்குவதற்கு முன்பே இந்தப் பலன் கிடைக்கத் தொடங்கிவிடும். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது; அதுவே சரியான வேகம். வாரத்துக்கு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் எனக் கூட்டிக்கொண்டே போய், உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வாரம் 150 நிமிடங்களை மூன்று மாதத்தில் எட்டினாலும் தாமதமில்லை. ஜிம்மில் நீங்கள் தோற்கவில்லை. பழக்கமில்லாத உடம்புக்கு முதல் நாளிலேயே அளவுக்கு மீறிய பாரத்தைக் கொடுத்த முறைதான் தவறு.

முழங்கால் வலிக்காக நடையை விட்டுவிட வேண்டியதில்லை. உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் விழும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. தொடைத் தசை வலுவடைந்தால் மூட்டின் சுமை இன்னும் இலகுவாகும். இதற்காக வாரம் இரண்டு மூன்று நாள், உயரமான நாற்காலியில் கைகளை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்து பழகுங்கள். முடியாவிட்டால் தொடக்கத்தில் ஊன்றிக்கொள்ளலாம். எட்டு வடிவப் பாதையில் கூழாங்கற்கள் மேல் வெறுங்காலோடு நடக்கும் வழக்கம் இப்போது பூங்காதோறும் பரவியிருக்கிறது. பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருக்கக்கூடிய சர்க்கரை நோயாளிகளுக்கு அது வேண்டவே வேண்டாம். குதிகால் மெத்தையுள்ள, காலைக் கடிக்காத காலணி அணிந்து சமதரையில் நடங்கள்.

எடையைப் பற்றி ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் எடைக்கு அரை மணி நேர நடையில் செலவாவது ஏறத்தாழ 150 கலோரிதான். 1 கிலோ கொழுப்பிலோ சுமார் 7,700 கலோரி இருக்கிறது. வாரம் ஐந்து நாள் நடந்தாலும், நடையால் மட்டும் 1 கிலோ குறையப் பத்து வாரம் ஆகும். நடந்து முடித்து ஒரு வடையும் சர்க்கரை போட்ட தேநீரும் சாப்பிட்டால் அந்தக் கணக்கும் கரைந்துவிடும். எனவே தட்டில் சோற்றைக் குறைத்து, காய்களையும் பருப்பு, சுண்டல், முட்டை போன்றவற்றையும் கூட்டினால்தான் எடை இறங்கும். 4 அல்லது 5 கிலோ குறைந்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சீர்ப்படத் தொடங்கும் என்பதால், 65 கிலோவைக் கனவு காண்பதைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள்.

கேள்வி: நானும் இதே மாத்திரைகளைச் சாப்பிடுகிறேன். அதிகாலையில் வெறும் வயிற்றோடு நடந்தால் கொழுப்பு வேகமாகக் கரையும் என்கிறார்களே, நடக்கலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: மொத்தமாகக் குறையும் எடையில் அதனால் பெரிய வேறுபாடு ஏற்படுவதில்லை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்வது அரிது. கிளிமிபிரைடு அல்லது இன்சுலின் எடுப்பவருக்கு அது நேரலாம். எனவே நீங்கள் உணவுக்குப் பின் நடப்பதே நல்லது. எப்போது நடந்தாலும் பையில் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ வைத்திருங்கள். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு தோன்றினால் உடனே நின்று மூன்று தேக்கரண்டி அளவு சாப்பிடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு சாப்பிட்டு, மருத்துவ உதவியை நாடுங்கள். இப்படி ஒருமுறை நேர்ந்தாலும் மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.