தலைவிளக்கு எத்தனை மணி நேரம் எரியும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நண்பர் குழு வரும் விடுமுறையில் இரத்தினபுரி மாவட்டத்திலுள்ள வவுல்பனே சுண்ணாம்புக்கல் குகைக்குச் செல்லவிருக்கிறது. அதற்கென வாங்கிய எல்.ஈ.டி. தலைவிளக்கின் பெட்டியில் 350 லூமென், 40 மணி நேரம் என்று அச்சிட்டிருந்தார்கள். வீட்டில் எரித்துப் பார்த்தபோது இரண்டு மணி நேரத்துக்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. விளக்குப் பழுதா, அல்லது ஏமாற்றா? – வாசகர், கல்முனை

பதில்: பெரும்பாலும் இரண்டும் இல்லை. லூமென் என்பது விளக்கு தரும் ஒளியின் அளவு. 350 லூமென் என்பது விளக்கின் ஆகக்கூடிய ஒளி; 40 மணி நேரம் என்பது ஆகக்குறைந்த ஒளியில் அது எரியக்கூடிய நேரம். இரண்டும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம், ஆனால் அருகருகே அச்சிடும்போது வாங்குபவர் இரண்டையும் சேர்த்தே வாசிப்பார் என்பது விற்பவருக்கு நன்றாகவே தெரியும்.

நேர்மையாக அளக்கும் நிறுவனங்களின் பெட்டியிலும் ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு வெளியான எப்.எல்.1 என்ற தரநிலைப்படி, விளக்கைப் போட்டு 30 விநாடி கழித்து இருக்கும் ஒளி, அதன் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையான நேரம் முழுவதும் எரியும் நேரமாகவே கணக்கிடப்படும். ஆகவே 350 லூமென் விளக்கு முதல் சில நிமிடங்கள் பளிச்சென்று எரிந்து, பின்னர் 40 லூமெனில் பல மணி நேரம் ஊர்ந்துகொண்டிருந்தாலும், அந்த மணிகள் எல்லாம் பெட்டியில் ஏறிவிடும்.

பெட்டியை நம்புவதைவிடப் பற்றரிக் கலத்திலிருந்து கணக்குப் போடுவது மேல். கலத்தின் வோல்ற்றளவை அதன் கொள்ளளவான அம்பியர்மணியால் பெருக்கினால் வாற்றுமணி, அதாவது அதில் அடங்கிய சக்தி, கிடைக்கும். 18650 என்ற அளவுள்ள நல்ல லித்தியம் அயன் கலமொன்றில் 3.6 வோல்ற்று, 3.5 அம்பியர்மணி, அதாவது 12 வாற்றுமணிக்குச் சற்று மேலான சக்தி இருக்கும். மின்னோட்டத்தைச் சீராக்கும் சுற்று அதில் ஒரு பகுதியை வெப்பமாக்கிவிடும்; ஏறத்தாழ 10 வாற்றுமணி எல்.ஈ.டி.க்குப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வில்லையில் இழப்பது போக ஒரு வாற்றுக்கு 100 லூமென் வெளியே வந்தால், அந்த ஒற்றைக் கலம் 100 லூமெனைப் பத்து மணி நேரமும், 50 லூமெனை இருபது மணி நேரமும் தரும். இதே கணக்கில் 350 லூமெனை 40 மணி நேரம் எரிப்பதற்கு அத்தகைய கலங்கள் ஒரு டசினுக்கு மேல் வேண்டும். உங்கள் தலைவிளக்கில் மூன்று சிறிய டிரிபிள் ஏ பற்றரிகள் மட்டுமே இருக்குமானால், இரண்டு மணி நேரத்தில் அது மங்கியதில் வியப்பில்லை.

உண்மையில் இந்தக் கணக்கு குறைந்த ஒளிக்கு இன்னும் சாதகமானது. எல்.ஈ.டி.யில் பாயும் மின்னோட்டம் கூடக்கூட, ஒரு வாற்றுக்குக் கிடைக்கும் ஒளி குறையும், சூடேறினாலும் குறையும். ஆகவே விளக்கை 200 லூமெனிலிருந்து 50 லூமெனுக்கு இறக்கினால், எரியும் நேரம் நான்கு மடங்குக்கும் சற்று அதிகமாகவே நீளும். நமது கண்ணோ ஒளியை அப்படியே நேர்விகிதத்தில் உணர்வதில்லை. கால்வாசியாகக் குறைந்த வெளிச்சம் அதற்கு ஏறத்தாழ அரைவாசியாகவே தோன்றும். இருளுக்குப் பழகிய கண்ணுக்குக் குகைக்குள் கால் வைக்கும் இடத்தைப் பார்த்து நடக்க 30 முதல் 50 லூமென் தாராளமாகப் போதும். பெரிய மண்டபம் போன்ற இடத்தில் கூரையை அண்ணாந்து பார்க்கும் சில நிமிடங்களுக்கு மட்டுமே உயர் ஒளி தேவை.

வவுல்பனேயில் ஓடையும் வௌவால்களும் உண்டு. உள்ளே ஈரம் அதிகம். அத்தகைய இடத்தில் நெற்றியில் விளக்கு இருக்கும்போது, நீங்கள் விடும் மூச்சின் ஆவியே வெளிச்சத்தைக் கண்ணுக்குத் திருப்பி அடித்து, முன்னால் ஒரு வெள்ளைத் திரையைக் கட்டிவிடும். அப்போது ஒளியைக் கூட்டினால் திரைதான் இன்னும் பிரகாசமாகும். விளக்கைக் கழற்றி இடுப்பளவில் பிடித்தால் தரையின் மேடுபள்ளம் நிழலோடு தெளிவாகத் தெரியும்.

இன்னொன்றையும் கட்டாயம் கவனியுங்கள். ஒளியைச் சீராக வைத்திருக்கும் சுற்றுள்ள விளக்கு, கடைசி வரை ஒரே அளவில் எரிந்துவிட்டுத் திடீரென்று அணையக்கூடும். மலிவான விளக்கோ மெல்ல மெல்ல மங்கி முன்கூட்டியே எச்சரிக்கும். சீரான ஒளியே எனக்கு விருப்பம், ஆனால் அதை நம்பி ஒற்றை விளக்கோடு உள்ளே போவது மடமை. ஒன்றையொன்று சாராத மூன்று விளக்குகளை ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டும் என்பது குகையாளர்களின் நெடுநாள் விதி. கைத்தொலைபேசியின் விளக்கை அந்த மூன்றில் ஒன்றாக நான் எண்ணமாட்டேன்.

கேள்வி: இரவில் வாவியில் இறால் பிடிக்கும் என் மகனுக்கு 18650 பற்றரி வாங்கினேன். அதில் 9900 மில்லி அம்பியர்மணி என்று எழுதியிருக்கிறது. அவ்வளவு இருக்குமா? – வாசகி, வாழைச்சேனை

பதில்: இருக்காது அம்மா. அந்த அளவுள்ள லித்தியம் அயன் கலங்களில் இன்று சந்தையில் கிடைக்கும் மிகச் சிறந்தவையே 3500 முதல் 4000 மில்லி அம்பியர்மணி வரையில்தான் நிற்கின்றன. அதைவிடப் பெரிய எண்ணைக் கண்டால் அது உறையில் மட்டும் இருக்கும் எண் என்று முடிவு செய்துவிடலாம். நகைக்கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள்: நல்ல கலம் 45 கிராமுக்குக் குறையாது. 30 கிராமளவில் நின்றால் உள்ளே பாதிச் சரக்குத்தான். தராசு இல்லாவிட்டால் சார்ஜர் இருக்கிறது. முழுவதும் இறங்கிய கலத்தை ஒரு அம்பியர் சார்ஜரில் போட்டு ஒன்றரை மணி நேரத்தில் நிறைந்துவிட்டால், அதன் கொள்ளளவு 1500ஐத் தாண்டாது; 9900 உண்மையாக இருந்தால் பத்து மணி நேரமாவது எடுக்க வேண்டும்.

வாவியில் பாவிப்பதால் உப்புநீரையும் சொல்ல வேண்டும். ஐ.பி.எக்ஸ்.7 என்ற நீர்புகாத் தரம் குறித்த விளக்கு ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பது நன்னீரில் செய்யும் சோதனை. உப்பு மெல்ல ரப்பர் வளையத்தின் ஓரத்தில் படிந்து, பற்றரி தொடும் தகட்டைப் பச்சை பிடிக்கச் செய்யும். அந்தப் பச்சை மின்தடையைக் கூட்டுவதால் நல்ல பற்றரியும் சீக்கிரம் இறங்கியது போலத் தோன்றும். கரைக்கு வந்ததும் விளக்கின் மூடியைத் திறக்காமல் நன்னீரில் அலசித் துடைத்துவிட்டு, காய்ந்த பிறகு திறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பென்டோர்ச் பற்றரி போடும் தலைவிளக்குக்கு அல்கலைன் நல்லதா, சார்ஜ் செய்வது நல்லதா? – வாசகர், அக்கரைப்பற்று

பதில்: அடிக்கடி பாவிப்பவராக இருந்தால் சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் கலங்களை வாங்குங்கள். அல்கலைன் கலம் குறைந்த மின்னோட்டத்தில் நிறையத் தரும். ஒரு அம்பியரளவு இழுத்தால் அதில் பாதிகூடக் கிடைக்காது. மற்றையது 1.2 வோல்ற்றுத்தான் என்றாலும், அதே இழுவையில் தன் கொள்ளளவில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். தானாக இறங்குவது குறைவான வகையைக் கேட்டு வாங்கினால், ஓராண்டு சும்மா கிடந்தாலும் முக்கால்வாசி மிச்சமிருக்கும். புயலுக்கும் வெள்ளத்துக்கும் என்று அலுமாரியில் எடுத்து வைக்கும் விளக்குக்கு மட்டும் அல்கலைன் போதும்; அதையும் விளக்குக்குள் விடாமல் தனியே வையுங்கள், கசிந்தால் விளக்கே போய்விடும்.

கேள்வி: வட்டைக் காவலுக்குப் பரணில் தலைவிளக்கைப் பாவிக்கிறேன். பூச்சித் தொல்லை தாங்க முடியவில்லை. அறுவடை முடிந்து கழற்றி வைத்த விளக்கு அடுத்த போகத்தில் எரியவும் இல்லை. – வாசகர், வெல்லாவெளி

பதில்: நீலம் கலந்த வெள்ளொளியை விட மஞ்சள் சாயலுள்ள ஒளிக்கும் சிவப்பொளிக்கும் பூச்சிகள் குறைவாகவே வரும். சிவப்பு விளக்கும் உள்ள மாதிரியை வாங்கினால், பரணில் அமர்ந்திருக்கும் நேரத்துக்கு அதுவே போதும், இருளுக்குப் பழகிய கண்ணும் கெடாது.

இரண்டாவது சிக்கல் அழுத்தும் பொத்தானால் வருவது. மின்னணுப் பொத்தானுள்ள விளக்கு, அணைத்திருக்கும்போதும் சொற்ப மின்னைக் குடித்துக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் அது கலத்தை வெறுமையாக்கிவிடும். லித்தியம் கலம் 2.5 வோல்ற்றுக்கும் கீழே போய் அப்படியே கிடந்தால், அதை மீண்டும் மின்னேற்றுவது ஆபத்தானது, எறிந்துவிடுவதே நல்லது. இனிமேல் போகம் முடிந்ததும் கலத்தைக் கழற்றி, பாதியளவு மின்னேற்றி, தகரக் கூரையின் வெக்கை படாத இடத்தில் வையுங்கள்.