பாகூர் வயலில் ‘வோல்’ எலியா?

பாகூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், பூனை கடித்த பிராணியின் படம் ஒன்றும் வயல் வளையின் படம் ஒன்றும் அனுப்பிக் கேட்டிருக்கிறார்: “இரண்டு ஏக்கர் சம்பா. கதிர் உள்ளே உருவாகிப் பொதி கட்டும் நேரத்தில் வரப்போரமாகப் பயிர் வெட்டிக் கிடக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் பூனை கடித்துப் போட்ட எலியைப் படம் எடுத்து செல்போனில் தேடினால் ‘வோல்’ என்று வருகிறது. ஊருக்கு வந்த மருந்து ஏஜென்ட், இது வெளிநாட்டு எலி, சாதா மருந்துக்குச் சாகாது, தனிப் பவுடர் ஏக்கருக்கு இரண்டாயிரம் என்று முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள். வோல் என்ற எலி மாதிரிப் பிராணி குளிர்நாட்டுக்காரன். அதில் 150க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்காதான் அவற்றின் இடம். இந்தியாவில் காஷ்மீர் முதல் அருணாசலப் பிரதேசம் வரை இமயமலை உயரங்களில் மட்டும் இருக்கின்றன. காஷ்மீரில் ஆப்பிள் மரத்தின் வேரைக் கடித்துத் தொல்லை தருவது இதுதான். தென்னிந்தியாவில் ஒரு இனம்கூடக் கிடையாது. இல்லாத பிராணிக்கு மருந்து விற்கிறவரிடம் உங்களுக்கு என்ன பேச்சு?

வயலை வெட்டுவது நம் வரப்பெலி. நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் வளை வாயில் புது மண் குவியலாகக் கிடக்கிறது, வாயும் பாதி அடைபட்டிருக்கிறது. தூர் சாய்வாக, கத்தியால் சீவியதுபோல வெட்டுப்பட்டிருக்கிறது. இதற்கு மேல் சாட்சி வேண்டாம். கதிர் முற்றினால் வளைக்குள்ளே இழுத்துச் சேர்த்துவைக்கும். மல்லாட்டை (வேர்க்கடலை)க் கொல்லையாக இருந்தால் வெள்ளெலியையும் சந்தேகப்படலாம். உங்களுடையது நஞ்சை, அதை விட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த முதல் படம். அது எலியே இல்லை, மூஞ்சூறு. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. பூனை கொன்றும் தின்னாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறது பாருங்கள், அதன் நாற்றம் அப்படி. மூக்கு வாயைத் தாண்டி நீண்டிருக்கும். முன்காலைக் குச்சியால் விரித்துப் பார்த்தால் ஐந்து விரல் தெரியும், எலிக்கு நான்குதான் தெரியும். உதட்டைத் தூக்கினால் எலிக்கு உளிபோல மேலே இரண்டு, கீழே இரண்டு மஞ்சள் பற்கள், பிறகு வெற்றிடம், பிறகு கடைவாய்ப் பல். மூஞ்சூறுக்கு இடைவெளியே இல்லாமல் ஊசி ஊசியாகப் பல். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். வகைப்பாட்டில் எலி, அணில், வோல் எல்லாம் கொறிப்பன என்ற ஒரு பெரிய கூட்டம். மூஞ்சூறு முள்ளெலியோடு சேர்ந்த வேறு கூட்டம். அது உங்கள் நெல்லைத் தொடாது. கரப்பான், வண்டு, புழுவைத்தான் தேடித் தின்னும். அதற்கு விஷம் வைத்தால் பூச்சியைத் தின்ன வந்த ஆளை நீங்களே கொன்றதாகும். செல்போன் செயலிக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை என்றால் அது சொல்வதை வேதவாக்காக எடுக்காதீர்கள்.

சரி, வரப்பெலிக்கு என்ன செய்வது? இன்று சாயங்காலம் எல்லா வளையையும் மண்ணால் மூடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது. அதில் மட்டும் புரோமோடயலோன் என்ற எலி மருந்தின் 0.005 சதவீதக் கட்டியைக் காகிதத்தில் மடித்து வளைக்குள்ளே வையுங்கள். சாக நாலைந்து நாள் ஆகும், பதற வேண்டாம். உடனே சாகணும் என்று ஜிங்க் பாஸ்பைடு வாங்குகிறார்கள். அரைகுறையாகத் தின்று பிழைத்த எலி மறுபடி அந்தப் பக்கமே வராது. நாயோ மாடோ தின்றால் அதற்கு மாற்று மருந்தும் இல்லை. பெயர், விஷத்தின் அளவு, உற்பத்தி தேதி அச்சிடாத பொட்டலம் எதுவானாலும் கையில் வாங்காதீர்கள். உங்கள் ஏஜென்ட் ‘தனிப் பவுடர்’ என்று விற்பது சாதாரண எலி மருந்தை வேறு பையில் போட்டதாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாத பொடியாகவும் இருக்கலாம். எது என்று அவரும் சொல்லமாட்டார்.

மருந்தே வேண்டாம் என்றால், பண்ருட்டிப் பக்கம் வளை தோண்டி எலி பிடிக்கிற இருளர்கள் இருக்கிறார்கள். தஞ்சாவூர்க் கிட்டி என்ற மூங்கில் பொறியும் நன்றாக வேலை செய்யும்.

ஒரு வயலில் மட்டும் செய்தால் பலன் பாதிதான். அடுத்த வயல் எலி வந்து காலி வளையில் குடியேறும். பாகூர் புதுச்சேரிக் கணக்கு, நாலு வரப்பு தாண்டினால் கடலூர் மாவட்டம். இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் எலி ஒழிப்பு நடந்து நான் பார்த்ததே இல்லை. கேட்டால் நிதி வேறு, கோப்பு வேறு என்கிறார்கள். அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மே, ஜூனில் எலி குறைவாக இருக்கும்போது செய்யவேண்டியதை, பயிர் வெட்டுப்பட்ட பிறகு முகாம் போட்டு என்ன பயன்?

அதனால் அதிகாரிக்குக் காத்திராமல் வரப்பைப் பங்குபோடும் நாலைந்து பேரும் பேசி, ஒரே ராத்திரியில் வளையை மூடுங்கள், அவர் எந்தக் கணக்கில் இருந்தாலும். மருந்துக் கட்டி வைத்த வளைக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, நாலைந்து நாளில் செத்த எலியைக் கையுறை போட்டுப் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். பருந்தும் ஆந்தையும் அதைத் தின்னக்கூடாது.