தலைக்கவசத்தில் லைற் மங்குது, ஃபான் நிக்குது: காரணம் பற்றரிதான்

தம்பி, வேசம் போடச் செய்த தலைக்கவசத்தில லைற் மங்குது, ஃபான் நிக்குது, கண்ணாடியில ஆவி படியுது எண்டு கேட்டியள். 9 வோல்ற் சதுரப் பற்றரியில 12 வோல்ற் ஃபானையும் ஆறு எல்ஈடியையும் ஒண்டாப் பூட்டினால் பத்து நிமிசத்தில மங்கத்தான் செய்யும். அந்தப் பற்றரி அவ்வளவு கரண்ட் தாங்காது. கிளிநொச்சிக் கடையளில கிடைக்கிற சாதாரண பவர் பாங்கைச் சட்டைப் பையில வையுங்கோ. அதுக்குள்ள இருக்கிறது லித்தியம் பற்றரி, அதைக் கவசத்துக்குள்ள வைக்கவே வேண்டாம்.

பவர் பாங்கில குத்த ஒரு பழைய யூஎஸ்பி வயரை வெட்டினால் பெரும்பாலும் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். வோல்ற் அளக்கிற மீற்றரில பாத்து உறுதிப்படுத்துங்கோ. பச்சை, வெள்ளை வயரைத் தனித்தனியா ரேப் சுத்தி விடுங்கோ. 5 வோல்ற், 40 மில்லிமீற்றர் ஃபான் ரெண்டை நேரடியாப் பூட்டலாம். வெள்ளை எல்ஈடி ஒவ்வொண்டுக்கும் தனித்தனியா 150 ஓம் றெசிஸ்ரர் (கரண்டை மட்டுப்படுத்திற சின்னப் பாகம்) போடுங்கோ. ஒரே றெசிஸ்ரரில ஆறையும் பூட்டினால் வெளிச்சம் ஏறுக்குமாறா வரும்.

கண்ணாடியில ஆவி படியிறது ஃபானைப் பக்கம் மாத்திப் பூட்டினதாலயும் இருக்கலாம். ஸ்ரிக்கர் ஒட்டின பக்கத்தாலதான் காத்து வெளியேறும். அந்தப் பக்கம் உச்சியில வெளியப் பாக்கவேணும். காத்து உள்ள வர நாடிக்குக் கீழ ஃபான் அளவுக்காவது ஓட்டை இல்லாட்டி வன்னி வெயிலுக்கு ஃபான் சும்மா சுத்தும்.

கழுத்தடியில ஒரு கழட்டுற கனெக்ரர் போடுங்கோ. கவசத்தைக் கழட்டேக்க இழுபட்டு வயர் அறுகிறது அந்த இடத்திலதான். சூடாக்கி ஒட்டுற பசையை (குளூ கண்) மட்டும் நம்பாதேங்கோ, வெயிலில நிக்கிற வாகனத்துக்குள்ள இளகிப்போகும். கேபிள் ரையால கட்டுங்கோ.